பிரேக் அக்காவும் சாலைக்கு அடியில் ஒரு குழாயும்

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். ஊருக்கு அவள் பிரேக் அக்கா. மழை பெய்யும் சாயங்காலங்களில் குளத்து வளைவில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, சாலையில் கிடக்கும் தேரைகளைப் பொறுக்கிக் குளத்துப் பக்கம் விட்டுவிட்டு வருவாள். பயணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதே வளைவில் டயருக்கு அடியில் ஏதோ நொறுங்குவது கேட்டு இறங்கிப் பார்த்தாளாம். முட்டையிடக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த தேரைகள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வாளியோடு வேலைக்குக் கிளம்பினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு தையல்காரர் சேர்ந்தார், ஆசிரியை சேர்ந்தார், காய்கறிக்காரர் சேர்ந்தார். அது சங்கமாயிற்று. குளத்துக்கு எதிர்ப்பக்கம், தேரைகள் வரும் தோப்பின் ஓரம் நெடுக முழங்கால் உயரத்துக்கு வலை கட்டினார்கள். வலையை ஒட்டி வாளிகளைப் புதைத்து, விழும் தேரைகளைச் சுமந்துபோய்க் குளத்தில் விட்டார்கள். அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து, வலை முடியும் இடத்தில் தேரைகள் கடந்துபோகச் சாலைக்கு அடியில் ஒரு குழாயும் போடவைத்தார்கள். குழாய் வந்தபின்பும், எதற்கும் இருக்கட்டுமென்று வாளிகளை எடுக்கவில்லை.

இந்த வருஷம் சாலையை அகலப்படுத்த வந்த பொறியாளர் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சிலந்திவலை.

"ஒண்ணுகூடப் போறதில்லையேம்மா. மழைக்கு வந்து இன்னொரு தடவை பார்க்கிறேன். அப்பவும் இப்படியே இருந்தா அடைச்சிடுவோம்."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அகலமான சாலையில் லாரிகள் பறக்கும்; வாளியோடு யாரும் குறுக்கே போக முடியாது. மறுபடி டயர்தான்.

தையல் கடையில் சங்கம் கூடியது. ஆளாளுக்குப் பொறியாளரைத் திட்டினார்கள். கடைசியில் அக்கா சொன்னாள்: "நாமதாங்க கெடுத்துட்டோம். வழி நெடுக வாளி வெச்சுப் பிடிச்சுட்டா, குழாய் வரைக்கும் எது போகும்?"

"வாளியை எடுத்தும் போகலைன்னா?" என்றார் ஆசிரியை. எடுத்துத்தான் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மழை வந்த சாயங்காலம் அக்கா லீவு போட்டாள். வாளிகளை எடுத்துவிட்டுக் குழிகளை மண்போட்டு மூடியாயிற்று. குளத்துப் பக்கம், குழாயின் வாயருகே குடையோடு பொறியாளர், நனைந்தபடி நாங்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போய் ரெண்டை எடுத்து உள்ள விட்டுடட்டுமா?" என்று காய்கறிக்காரர் கிசுகிசுத்தார்.

"தொடக் கூடாது!" என்றாள் அக்கா.

குழாய்க்குள் ஈரத்துணியைத் தரையில் போடுவதுபோல ஒரு சத்தம். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பொன் கண்கள். அதன் பின்னால் இன்னும் இரண்டு. பிறகு குழாய் முழுக்கக் கண்கள். ஆண்களை முதுகில் சுமந்தபடி பெண்தேரைகள் அவசரமே இல்லாமல் எங்கள் கால்களுக்கு இடையே நடந்துபோயின. வழிகாட்ட ஆளில்லை, பலகையில்லை, வாளியில்லை. இத்தனை வருஷம் எதைப் பார்த்துச் சிரித்தேன் நான்!

பொறியாளர் குடையை மடக்கிவிட்டுச் சேற்றில் குந்தினார். "பெரிய குழாயாவே போட்டுடலாம்மா" என்றார்.

அப்போது எங்கள் தலைக்கு மேல் சாலையில் பஸ் வந்தது. அக்காவின் வலது கால் சேற்றை ஓங்கி மிதித்தது. பஸ் நிற்காமல் போயிற்று. கீழே அவை வந்துகொண்டே இருந்தன.

"பிரேக்கில இருந்து காலை எடு அக்கா, பஸ் போயிடுச்சு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.