அன்ரிக்கு ஒரு கதிரை

அப்பா செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவரை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதில்லை. நாங்கள் வந்து குடியேறிய டண்டினொங்கில் பக்கத்து வீட்டு மடகஸ்கர் அன்ரியின் குசினிதான் வருகிறது. அப்போது நான் சின்னப் பிள்ளை.

அன்ரியின் புருஷனும் அப்பாவும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அந்த அங்கிள் ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோக அவருடைய தமையன் வந்து இறங்கினார். அவர்களுடைய குடும்பக் கல்லறை ஒரு வீடு மாதிரிப் பெரிதாம். செத்தவர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, புதுத்துணி சுற்றி, மேளம் அடித்து ஆடிவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்களாம். எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது.

ஆனால் அன்ரிக்கு அதற்குள் இடமில்லை. அவருடைய முன்னோர் அங்கிளின் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்து எத்தனையோ காலம். கல்லறைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அங்கிள் அங்கே போனால் அன்ரி ஒருநாளும் அவருக்குப் பக்கத்தில் படுக்க முடியாது. இங்கேயே புதைக்க வேண்டும் என்று எங்கள் அம்மாவிடம் வந்து அழுதார். தமையனிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

"சும்மா ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்," என்றார் அப்பா.

"உங்கட சும்மா எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு வழக்கிலை வாயைத் திறக்காமல் வாங்கோ," என்றார் அம்மா. நானும் அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன்.

அன்ரியின் குசினியில் இரண்டே கதிரை. ஒன்றில் அன்ரி, மற்றதில் அப்பா. தமையன் உள்ளே வந்ததும் அன்ரி சட்டென்று எழும்பி, அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் தரையில் இருந்தார். கார் ஓட்டுகிற, மனேஜரோடு சண்டை பிடிக்கிற அன்ரி! தமையன் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு பயண ஏற்பாடுகளை மெதுவாகச் சொன்னார். கெட்டவர் இல்லை. எனக்கு ரொபிகூடத் தந்தார்.

பாவம், அன்ரிக்குக் கதிரை காணாது என்று நினைத்து நான் வீட்டுக்கு ஓடினேன்.

"கதிரையை எங்கையடி இழுத்துக்கொண்டு போறாய்?"

"அன்ரி நிலத்திலை இருக்கிறா அம்மா!"

அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா நான் கொண்டுபோன கதிரையை வாங்கி, தமையனுக்கு நேர் எதிரே போட்டார். "எழும்பு தங்கச்சி. கதிரையிலை இரு."

அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியது. தமையனின் முகத்தைப் பார்த்தார். அப்பா திரும்பவும் சொன்னார். அன்ரி எழும்பிவந்து நுனியில் இருந்தார். அப்பா பின்னால் நின்று கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்ரி தமையனிடம் அவர்களுடைய பாஷையில் ஏதோ சொன்னார். தமையன் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார். அன்ரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தமையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே புதைக்கிற இடம் எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் இங்கிலீஷில் கேட்டார்.

அப்பாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு இருக்க வாங்கு இல்லையாம், தரைதானாம். கப்பலேறும்வரை அப்பா இன்னொருத்தர் வீட்டில் கதிரையில் இருந்ததே இல்லையாம். அம்மா இதை எனக்குச் சொன்னது போன கிழமைதான்.

அன்றைக்கு அன்ரி பேசி முடிக்கும்வரை அப்பா கையை எடுக்கவில்லை. எங்கள் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம், அதனால்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் நினைத்தேன்.