சந்திரனுக்கு அடித்த தப்பு

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதிகம் திட்டு வாங்கியவர் தோட்டத்தை நடத்தும் துரை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது சரியல்ல. துரையை முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். அழகுமுத்துவை நாள் தவறாமல், விடியற்காலை நாலரை மணிக்கு, அவர் காதுபடத் திட்டினார்கள்.

பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. அன்றைய வேலைக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் பதியும் களத்துக்குப் பெரட்டு என்று பெயர். வேறு தோட்டங்களில் கொம்பு ஊதுவார்கள், மணி அடிப்பார்கள். இங்கே தப்பு என்னும் தோல்மேளம். பனி கொட்டும் இருட்டில் அழகுமுத்து தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள்தோறும் அடித்துக்கொண்டு நடப்பார். முதல் சுற்று ஆட்களை எழுப்ப, இரண்டாவது சுற்று களத்துக்குக் கிளப்ப. முதல் வசவு அவர் வீட்டுக் காம்பராவிலிருந்தே வரும்.

"ஒங் கைக்கு ஒரு நாளைக்காச்சும் சுளுக்கு வராதா?" என்பாள் மனைவி மீனம்மா, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு.

"வந்தா நீதானே எண்ணெ போட்டு நீவி விடணும்" என்பார் அவர்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். தோட்டத்தில் சாவு விழுந்தாலும் அவர்தான் அடிக்க வேண்டும், கோயில் திருவிழா வந்தாலும் அவர்தான். ஆனால் கோயிலில் கயிறு கட்டி, அதற்கு வெளியே நின்று அடிக்கச் சொல்வார்கள். தோல் மாட்டுத் தோலாம், அதைத் தொடுகிற கை தீட்டாம். சத்தம் மட்டும் கயிற்றைத் தாண்டிக் கர்ப்பக்கிரகம் வரைக்கும் போகும். அதற்குத் தீட்டு ஏன் ஒட்டவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அழகுமுத்துவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் விரல் அதைப் பிடித்துக்கொள்ளும். ரயில் மேடேறும் மூச்சு, தகரக் கூரையில் ஓடும் மழை, தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் சோற்றுத் தட்டில் தட்டிப் பார்ப்பார். "தின்னு முடி, பெறகு ஸ்டோர ஓட்டலாம்" என்பாள் மீனம்மா.

ருசியாக்காரன் ஒருவன் ஆகாயத்தைச் சுற்றிவிட்டு வந்த வருஷம் அது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பேரின்பநாயகம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த தொடர்கதையை ஞாயிறுதோறும் பள்ளி மண்டபத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஆறு பேர் ராக்கெட்டில் ஏறிச் சந்திரனுக்குப் போய், ஆறு நாள் தங்கித் திரும்பும் கதை.

"ஆறு நாளா? அங்கயும் ஞாயித்துக்கெழமதான் லீவா?" என்று மீனம்மா கேட்டாள்.

"சந்திரனுக்குப் போக பிரஜாவுரிம கேப்பாங்களா மாஸ்டர்?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"அங்க ஒருத்தரும் இல்லை. ஆர் கேக்கிறது?" என்றார் மாஸ்டர்.

"அப்ப நாங்க போறோம்." மண்டபம் சிரித்தது. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுத்து, நீ இந்த நாட்டு ஆளல்ல என்று சட்டம் போட்டுச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். அந்தச் சட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவர்களுக்குச் சந்திரன் தேவைப்பட்டது.

கதையை நாடகமாக்குவது என்று முடிவாயிற்று. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பெரிய நாடகம் நடந்ததே இல்லை. உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் இரண்டாள் உயரத்துக்கு ராக்கெட் செய்தார்கள். பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து அதன்மேல் போர்த்தினார்கள். எல்லாம் ஆயிற்று, இசைக்கு மட்டும் ஆள் இல்லை.

நாடகக் குழுத் தலைவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் செல்லசாமிக் கங்காணி, ஹட்டனிலிருந்து ஹார்மோனியம் சிவசாமியைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அன்று மாலை அழகுமுத்து மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன விசயம்?"

"நானும் அடிச்சுப் பாக்குறேங்க. ராக்கெட்டுக்கு."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது பெரட்டுக்கு அடிக்கிறதெல்லே? இது விஞ்ஞான நாடகம், தெரியுமோ?"

"தெரியுங்க. ஒரு ஞாயிறும் விடாம கேட்டேன்."

மாஸ்டர் யோசித்துவிட்டு, வரும் ஞாயிறு இரண்டு பேரையும் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அழகுமுத்துவுக்குக் குடிக்கத் தேநீரும் கொடுத்தார், தேங்காய்ச் சிரட்டையில். சந்திரனில் தண்ணீர் இருக்குமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிற மாஸ்டர், தன் வீட்டுக் கோப்பையில் ஒரு மனிதருக்குத் தேநீர் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்ததில்லை. படிப்பு என்பது எல்லா அறைகளிலும் விளக்கேற்றிவிடுவதில்லை.

"ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்று மீனம்மா கேட்டாள்.

"நோட்டீஸ்ல இசைன்னு போட்டு, பக்கத்துல ஒரு பேரு போடுவாங்கல்ல. அதுக்குத்தான்."

மீனம்மா அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் அழகுமுத்து ஓர் எண். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டதற்கு வந்த மறுப்புக் கடிதத்திலும் ஓர் எண்தான் இருந்தது. அவர் பெயரை அச்சில் பார்த்தவர் எவரும் இல்லை, அவர் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்துவிட்டது. முதலில் சிவசாமி. ஜரிகைத் துண்டும் சிரித்த முகமுமான மனிதர். பெட்டியைத் திறந்ததும் விநாயகர் துதியை எடுத்தார்.

"ஐயா, ராக்கெட்டில ஆறு பேருக்குத்தான் இடம். பிள்ளையார் பிறகு வரட்டும்" என்றார் மாஸ்டர்.

சிவசாமி சிரித்துக்கொண்டே ராக்கெட் கிளம்பும் காட்சிக்கு வாசித்தார். நல்ல வாசிப்பு. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் ஈயத்தாள் ராக்கெட் அசைந்தசைந்து தேர் வீதிக்கு வருகிற மாதிரி இருந்தது.

அழகுமுத்து வெளியே காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி, தப்பைத் தோல் இறுகக் காய்ச்சிக்கொண்டு வந்தார். கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்படுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கினார். சக்கரம் ஒரு தரம் வழுக்கியது, பிடித்தது, மேடேறியது. மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வேகம் ஏற ஏற, அழகுமுத்துவின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அங்கேதான் வினை. இருபத்திரண்டு வருஷம் இருட்டில் அடித்த கை. கண் மூடியதும் அதற்கு நாலரை மணியாகிவிட்டது. ரயில் தாளம் நழுவி, பெரட்டுத் தாளம் பாய்ந்தது.

மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது.

பெண்கள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற, அப்போது இல்லாத படங்குச் சாக்கைத் தடவித் தேடினார்கள். ஒருத்தி மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராப் பக்கம் நாலு எட்டு நடந்தே விட்டாள். செல்லசாமிக் கங்காணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ம், நடங்க நடங்க, நேரமாச்சு" என்று கதவுவரை போய், வெளியே வெயிலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கங்காணி, இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் மீனம்மா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. "பெரட்டுத் தப்ப மேடையில ஏத்தாதீங்க மாஸ்டர். எல்லாரையும் கோமாளியாக்கிட்டான். எறங்குடா அழகு."

அழகுமுத்துவுக்கு முகம் கருத்துவிட்டது. "கை தவறிப்போச்சுங்க" என்றார்.

"பொறு பொறு" என்றார் மாஸ்டர். "ராக்கெட் எழும்புற காட்சிக்கு மண்டபமே எழும்பிப் போட்டுது. எனக்கு வேற என்ன வேணும்? சரி, சந்திரனில இறங்கினதும் என்ன வாசிப்பியள்? அங்க காத்தில்லை. காத்தில்லாட்டில் சத்தமும் இல்லை."

சிவசாமி ஹார்மோனியத்தைத் தட்டிக்கொடுத்தார். "சத்தம் கூடாதுன்னா என்னைய எதுக்கு மாஸ்டர் பஸ்ஸேத்திக் கூட்டியாந்தீங்க? ஒரு தாலாட்டு வச்சுக்குவோம். காத்து கோவிச்சுக்காது."

மாஸ்டர் அழகுமுத்துவைப் பார்த்தார். அழகுமுத்து தப்பின் விளிம்பைத் தடவினார்.

"இப்ப தவறுனத வேணும்னே அடிக்கிறேங்க. ராக்கெட்டு ஏறுற வரைக்கும் பெரட்டு. எல்லாரும் எந்திரிப்பாங்க. சந்திரன்ல கால் வச்சதும் நிப்பாட்டிடுறேன். அப்புறம் ஒண்ணுமே அடிக்கல. ஏன்னா அங்க பெரட்டு இல்ல."

மண்டபத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

அழகுமுத்து அடிக்கலாம் என்பவர்களை மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். அவர்களிடமிருந்து வாக்குரிமையைப் பிடுங்கிப் பன்னிரண்டு வருஷமாகிறது. நாட்டை யார் ஆள்வது என்று சொல்ல வழியில்லாதவர்கள், சந்திரனுக்கு யார் அடிப்பது என்று சொன்னார்கள். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சிவசாமியும் ஒரு கையைத் தூக்கியிருந்தார். "பாட்டுக்கு நான் பெட்டி வாசிக்கிறேன். ராக்கெட்ட அவரு பாத்துக்கட்டும்" என்றார்.

"அடிக்கட்டும். நோட்டீஸ்ல அவன் பேரு வேணாம்" என்றார் கங்காணி. "வெளித் தோட்டத்து ஆளுங்க வருவாங்க."

அழகுமுத்து துரையிடமோ கங்காணியிடமோ 'முடியாது' என்று சொன்னவர் அல்ல. அன்றும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பேரு இல்லன்னா தப்பும் இல்லீங்க" என்றார். இரண்டு கை தூக்கியவர்கள் அனைவரும் கங்காணியைப் பார்த்தார்கள். அத்தனை கண்களுக்கு நடுவில் கங்காணி குடையை விரித்துப் பார்த்தார், மடக்கினார். "என்னமோ பண்ணுங்க" என்றார்.

பத்து நாள் கழித்து ஹட்டன் அச்சகத்திலிருந்து முந்நூறு நோட்டீஸ் வந்தது. ஆறு நடிகர் பெயரும் இருந்தது. 'பாட்டு: சிவசாமி' இருந்தது. 'இசை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைத்தாள்.

கங்காணியின் வேலை என்றே ஊர் நினைத்தது. கங்காணிகூடத் தன் வேலையாக இருக்குமோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டவர்போல விழித்தார். மாஸ்டர் அச்சகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தார். அச்சுக் கோப்பவர் மாஸ்டர் கைப்பட எழுதிய தாளை எடுத்து நீட்டினார். 'இசை: அழகுமுத்து (தப்பு).'

"பேரு தப்புன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? சரியான பேரு வரும்னு எடத்த விட்டு வச்சேன்."

"எங்கட ஊரில அதுக்குப் பிழை எண்டு சொல்லுவம் ஐயா. தப்பெண்டால் எனக்கு மேளம்தான்" என்றார் மாஸ்டர். வழிநெடுக பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து வெள்ளை இடத்தைத் திரும்பப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அழகுமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிழை என்னுடையது. வாருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முந்நூறு நோட்டீஸிலும் மாஸ்டர் சிவப்பு மையால் பெயரை எழுதினார். அழகுமுத்து ஒவ்வொன்றையும் வாங்கி ஊதிக் காயவைத்தார். நூறு தாண்டியதும் மாஸ்டர் உள்ளே போய், பூப்போட்ட கோப்பைகள் இரண்டில் தேநீர் கொண்டுவந்தார். ஒன்று போலவே இரண்டும் இருந்ததால், வைத்த பிறகு எது தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. கையில் பட்டதை எடுத்துக் குடித்தார்.

கறுப்பு அச்சுக்கு நடுவே சிவப்பில் அந்த ஒரு பெயர் மட்டும் இருந்ததால், தூரத்துக் கந்தப்பளையிலிருந்து வந்தவர்கள்கூட முதலில் அதைத்தான் வாசித்தார்கள்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். அழகுமுத்து மேடையின் ஓரத்தில், சிவசாமியின் பாயிலேயே உட்கார்ந்தார். கயிறு எதுவும் கட்டப்படவில்லை. ராக்கெட் கிளம்பும் நேரம் வந்தது. ரயில் மேடேறியது, வேகம் பிடித்தது, பெரட்டுத் தாளம் வெடித்தது. பத்துத் தோட்டத்துச் சனம் ஒருமிக்க எழுந்து நின்றது. எழுந்த பிறகே தாங்கள் எழுந்ததைக் கண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஈயத்தாள் மினுக்க ராக்கெட் கப்பியில் ஏறித் திரைக்குப் பின்னால் மறைந்தது.

பிறகு சந்திரன். சுண்ணாம்பு பூசிய சாக்குமேல் முதல் ஆள் கால் வைத்தார். அழகுமுத்து குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

சத்தமே இல்லை. அத்தனை சனம் இருந்தும் ஓர் இருமல்கூட இல்லை. ஒரு குழந்தைக்கு விக்கல் எடுத்தது, அதுவும் நின்றது. மேடையில் ஆறு பேரும் அவசரமில்லாமல் நடந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அங்க பெரட்டு கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப ஏம்ப்பா திரும்பி வாறாங்க?"

மாஸ்டர் திரைக்குப் பின்னால் நின்று அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு அழகுமுத்து முதல் சுற்று அடித்தார். வசவுக்குக் காது கொடுத்துக்கொண்டே நடந்தார். லயத்துக் கதவொன்று திறந்தது. "ராக்கெட்டு கெளம்பிருச்சி, ஏறுறவங்க ஏறுங்க" என்று ஒரு குரல். அடுத்த லயத்தில் சிரிப்பு.

பெரட்டுக் களத்து மேட்டுக்கு வந்ததும் இரண்டாவது சுற்றுக்குக் கையை ஓங்கினார். ஓங்கியவர் இறக்கிக்கொண்டார். பனிக்குள் கங்காணி குடையோடு நின்றிருந்தார்.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"சந்திரன்ல எறங்கிருக்கோங்க."

கங்காணி கடிகாரத்தைப் பார்த்தார். கீழே லயங்களில் யாரோ தேநீரை நிதானமாக உறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்து மூச்சு போயிருக்கும்.

"சரி, போதும்" என்றார் கங்காணி. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல, "அடிப்பா அழகுமுத்து" என்றார்.