சொல்லக் கூடாத வேலை

புனேயில் பாணேர் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. வக்கீல் ஆபீஸ் என்றால் கோர்ட்டு, கறுப்பு அங்கி, வாய்தா எல்லாம் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எங்களிடம் அதெல்லாம் கிடையாது. வெளிநாடு போக விரும்புகிறவர்களின் வாழ்க்கையைத் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, கட்டிக்கொண்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. கட்டத்துக்குள் அடங்காதவர்கள் என் மேஜைக்கு வருவார்கள்.

தமிழர்களும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். எங்கள் வக்கீலம்மா மராத்திக்காரர். நான் திருச்சியில் சட்டம் படித்துவிட்டு, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள். கராடியிலிருந்து சாஃப்ட்வேர் பையனின் பெற்றோர் வந்தாலும் சரி, கண்டோன்மெண்டிலிருந்து யாராவது வந்தாலும் சரி, "துமச்சே லோக்" என்று சொல்லி, அதாவது உங்கள் ஆட்கள் என்று சொல்லி, என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளுகிறார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

அப்படித் தள்ளப்பட்டு வந்தவர்கள்தான் விஷ்ராந்த்வாடித் தம்பதி. அவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அந்தம்மா மடியில் துணிப்பை. பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம்; ஆனால் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கனடாவில் இருக்கும் ஒரே மகளுக்கு முதல் பிரசவம். மருமகனுக்கு அம்மா இல்லை. அங்கே பனிக்காலம். பெற்றவர்கள் போனால்தான் உண்டு. குழந்தை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

விசிட் விசா கேட்பவர்கள் திரும்பி வருவார்கள் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழிலில் பாதி. நான் அந்தம்மாவைக் கேட்டேன்.

"நீங்க திரும்பி வருவீங்கங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"பால்காரன்கிட்ட ஆறு மாசத்துக்குத்தான் நிறுத்தச் சொல்லிக்கீறேன். அதுக்கு மேல போனா எருமப் பால் குடுக்க மாட்டேன்னு சொல்ட்டான்."

அதற்கு ஒரு கட்டம் இல்லை. வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அது அவருக்கு.

"ஃபாக்டரியில என்ன வேலை சார்?"

"கவர்மெண்ட் வேலை."

"சரி. அதுல என்ன செஞ்சீங்க?"

"டூட்டி செஞ்சேன்."

"டூட்டின்னா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சொல்லக் கூடாது மேடம்."

வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். உள்ளே நடப்பது எதையும் வெளியே சொல்வதில்லை என்று. அன்றிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் துணிப்பையின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்கிட்டயும் சொன்னது கெடையாது. காலைல டப்பா கட்டிக் குடுப்பேன், சாய்ங்காலம் வந்தா சட்டைய வாங்கித் தொவைப்பேன். நடுவுல இன்னா நடந்திச்சினு அவருக்குத்தான் தெரியும்."

தெருவில் பிள்ளைகள் அவரை "பாம் மாமா" என்று கூப்பிடுவார்களாம். தீபாவளிக்கு யார் வீட்டு ராக்கெட் ஏறாவிட்டாலும் அவரிடம் வந்து காரணம் கேட்பார்களாம். அவர் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாததாலேயே பெரிய ஆள் என்று பெயர் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். அன்று ஐந்து ஃபைல் பாக்கி. டீயும் வரவில்லை. இவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று, நானாகவே அழகான வார்த்தைகளாகத் தேடி, "தொழில்நுட்பப் பணியாளர், ஆயுத உற்பத்தி" என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டேன். கம்பீரமாகத்தான் இருந்தது. வாசித்துக் காட்டினேன். "நான் ஒண்ணும் சொல்லல, நீங்களா எழுதிக்கீறீங்க" என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு விண்ணப்பமும் அப்படியே நின்றன. ஒன்றரை மாதம் கழித்து அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் எந்த ஆயுதத்தைத் தயாரித்தார்? எந்த வெடிபொருளைக் கையாண்டார்? யாரிடம் பயிற்சி பெற்றார்? பதினைந்து நாட்களுக்குள் விரிவாகத் தெரிவிக்கவும். வக்கீலம்மா கடிதத்தைப் படித்தார், பிறகு நான் எழுதியதைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் போன் போட்டு இருவரையும் வரவழைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஆனால் கடிதத்தில் இருந்த கேள்விகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"சொல்லிடுங்க சார். ரகசியமா வச்சிக்குவோம்."

"கையெழுத்து போட்டுட்டேனே மேடம்."

"நீங்க ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு!"

"கையெழுத்து ரிட்டயர் ஆவாது."

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து வீடியோ கால். பெரிய வயிற்றோடு சோபாவில் சாய்ந்திருந்தாள். டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டாள். அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. அதுவரை அவர்மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் போய்விட்டது. மகளைப் பார்க்க யாரையும்விட அதிகம் துடித்தவர் அவர்தான். நீங்கள் மட்டுமாவது தனியாகப் போங்களேன் என்று அந்தம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அவர வுட்டுட்டா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கடைசியில் வக்கீலம்மாவே வந்து, அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இந்தியில் பேசினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். பெரியவர் எழுந்து நின்று, அட்டென்ஷனில், இந்தியில் ஒப்பித்தார். முப்பத்துநாலு வருடப் பழக்கம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. நடுவில் "அனுமதியின்றி" என்று ஒரு சொல் வந்தது. வக்கீலம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. அப்படியென்றால் அனுமதி வாங்கிச் சொல்லலாம் இல்லையா?"

இத்தனை வருடத்தில் அனுமதி கேட்கலாம் என்று பெரியவருக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருடம் சட்டம் சோறு போட்டும் எனக்கும் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றே ஃபாக்டரி நிர்வாகத்துக்கு மனு தயாரானது. தபாலில் போடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதோடு விடாமல், மறுநாள் காலையில் இருந்து தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, டப்பாவில் சோறு எடுத்துக்கொண்டு, ஃபாக்டரி கேட்டுக்கு முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார். காலையில் போங்கா, அதாவது ஃபாக்டரிச் சங்கு, ஊதும்போது போவார், சாயங்காலம் போங்கா ஊதினால் வீட்டுக்கு வருவார். மறுபடியும் நௌகரிக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று அந்தம்மா போனில் சொன்னார். நான் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள், பத்து நாள். என்னுடைய அந்த அழகான வார்த்தைகளுக்காக ஒரு பெண் தனியாகப் பிள்ளை பெறப்போகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் மிச்ச நாட்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் சீல் வைத்த உறையோடு வந்தார்கள். பணி விவரங்களைத் தூதரக அதிகாரிகளிடம் தெரிவிக்க ஆட்சேபணை இல்லை. அவர் அதை மூன்று முறை படித்தார்.

"தூதரக அதிகாரிங்கனு போட்டுக்கீது. நீங்க?"

"நான் டைப் பண்ணாம அவங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

யோசித்தார். "டைப் பண்றவங்க வரலாம். இவ வரக் கூடாது." மனைவியைப் பார்த்தார். அந்தம்மா மறுபேச்சுப் பேசாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போய் உட்கார்ந்தார். அவர் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். நான் விசைப்பலகையில் விரலை வைத்தேன்.

"பொட்டி" என்றார்.

"என்ன சார்?"

"மரப் பொட்டி. சாமான் வச்சி அனுப்பறதுக்கு. நான் கார்ப்பெண்டர்."

உள்ளே என்ன வைப்பார்கள் என்று கேட்டேன். அது வேறு செக்‌ஷன், தனக்குத் தெரியாது என்றார். காலிப் பெட்டியாகத்தான் போகும். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு குண்டைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த என்னால் முடியவில்லை. பலகையை ரந்தா போட்டு எப்படி வழவழவென்று இழைக்க வேண்டும், மழைக்காலத்தில் மரம் எப்படி ஊதும், கயிற்றுக் கைப்பிடியின் முடிச்சு எந்தப் பக்கம் வர வேண்டும், ஆணியை நேராக அடிக்கிறவனுக்கும் ஒரு நூல் சாய்த்து அடிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மணி நேரம் பேசினார். என் பேனா ஸ்டாண்டை எடுத்து மூலையைத் தடவிப் பார்த்து, "இவன் ஃபெவிகால நம்பிக்கீறான்" என்றார். கைகள் காற்றிலேயே ஒரு பெட்டியைச் செய்து முடித்தன. ஆறு பக்கம் வந்தது. வக்கீலம்மா அதை ஒன்றரைப் பக்கமாக வெட்டினார். ஆணி சமாச்சாரத்தை மட்டும் நான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வைத்தேன்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "இவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

மேடம் போய் அம்மா வந்திருந்தது. "இனிமே என்ன சார்?" என்றேன்.

"தெனம் காலைல போங்கா ஊதச்சொல்ல சாமி படத்துக்கு முன்னாடி நிப்பா. சாய்ங்காலம் நான் வர்ற வரைக்கும் உசுரக் கையில புடிச்சிகினு இருப்பா. வெறும் பொட்டிக்கா இம்மா வேண்டுதலும்னு நெனைப்பா இல்ல?"

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் இரண்டு பேருக்கும் விசா வந்தது. பிரசவத்துக்கு ஒன்பது நாள் பாக்கி. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள வந்தவர், ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போனார். அந்தம்மா எனக்கென்று கொண்டுவந்திருந்த அதிரச டப்பாவைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பொட்டிதானே?"

நான் அதிரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம். முப்பத்திநாலு வருஷம் அவரு சட்டைய தொவைச்சவ நானு. பாக்கெட் பூரா மரத்தூளு. குண்டு செய்றவரு பாக்கெட்டுல மரத்தூளு எப்டிம்மா வரும்?"

"அப்ப ஏம்மா ஒரு நாள்கூடக் கேக்கல?"

"கேட்டா சொல்ல முடியாம தவிப்பாரு. இன்னாத்துக்கு அவருக்கு அந்தத் தவிப்பு?"

"தினம் சாமி கும்பிட்டது?"

"ஆணி குத்தாம வரணும் இல்ல? ரெண்டு தபா குத்திகினு வந்தாரு." படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தம்மா என் கையை ஒரு தட்டுத் தட்டினார். "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாத."

ஆக, ஒரே பெட்டிக்கு நான் இரண்டு பக்கமும் பூட்டு. பின்னால் ஒரு நாள், இதையெல்லாம் எழுதலாமா என்று போனில் அந்தம்மாவைக் கேட்டேன். "பேர் போடாம எழுது. அவருக்கும் தமிழ் படிக்க வராது, பொண்ணுக்கும் வராது" என்றார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்து பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். பெண் குழந்தை. நன்றி எல்லாம் சொல்லிவிட்டு, தட்டுத் தடுமாறிய புனேத் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அக்கா, பேபிக்கு லக்கடி தொட்டில், மரத்துல செஞ்சது, ஆர்டர் பண்ணோம். பீஸ் பீஸா வந்துச்சு. என் ஹஸ்பெண்ட் ரெண்டு நாள் புக் பாத்துப் பாத்துப் போட்டார், கால் ஆடிட்டே இருந்துச்சு. அப்பா எல்லாம் கழட்டிட்டு, புக்கே பாக்காம, அரை மணி நேரத்துல ஏக்தம் பக்காவா போட்டுட்டாங்க. எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, அது சொல்லக் கூடாதுங்கறாங்க. அம்மா பக்கத்துல உக்காந்து சிரிக்கிறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பின்னால் குழந்தை அழுதது. தொட்டிலிலிருந்து ஒரு கிரீச் சத்தம்கூட வரவில்லை.

"அது சொல்லக் கூடாதும்மா" என்றேன்.