மூன்றாவது அடியில் வளையல்

உட்காருவதற்கு முன் செங்கல்வராயன் நாற்காலியை இரண்டு அங்குலம் பின்னுக்கு இழுப்பார். உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து, ஓர் அங்குலம் முன்னுக்குத் தள்ளுவார். இரண்டு ஸ்பீக்கர்களும் அவரும் சரியான முக்கோணமாக அமைந்தாக வேண்டும். பிறகு செல்போனை அணைத்து என்னிடம் கொடுப்பார். ஏசியை நிறுத்தச் சொல்வார், அதன் இரைச்சல் ஆகாதாம். திருப்பதி வெயிலில் ஏசியை நிறுத்தச் சொல்கிறவருக்குத் துணையாக வந்தவன் என்ன பாவம் செய்தானோ!

"கோகுலு, பென் டிரைவ போடுப்பா."

கோகுலகிருஷ்ணன் வேலூரிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். சின்னக் கார் வாங்குகிற விலைக்கு ஸ்பீக்கர் விற்கிறார். மற்றவர்கள் வெளிநாட்டு வயலினையும் டிரம்ஸையும் போட்டுச் சோதிப்பார்கள். நம்மவர் கொண்டு வருவது ஒரு நலங்குப் பாட்டு. முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் நகரி பக்கம் ஒரு கல்யாண வீட்டில் கேசட்டில் பதிந்து, பின்னால் பென் டிரைவில் ஏற்றியது. பாடுகிற பெண் தாட்சாயணி. அன்றைக்கு அவர் மணப்பெண்ணின் தங்கை, பிறகு செங்கல்வராயனின் மனைவி.

மாப்பிள்ளைத் தோழனாக அவர் டேப் ரெக்கார்டரோடு போன கதையைக் கேட்காதவர்கள் சித்தூரில் குறைவு. "தல குனிஞ்சி பாடிக்கினே இருந்தா, சம்பத்து. மூணாவது அடியில நிமுந்து என்னப் பாத்துட்டா. சட்டுனு கைய இழுத்து முந்தானிய சரி பண்ணா பாரு, ரெண்டு தபா வளையல் சத்தம். அதுல வுழுந்தவன்தான் நானு." என்னிடம் இதை நூறு முறை சொல்லியாயிற்று. கதை முடியும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறையும் கேட்பேன்.

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஆய்வகத்தில், அவர் இயந்திரப் பராமரிப்பில். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடுவார். "இன்னும் நாலு நாளு தாங்கும். அப்பால பேரிங்கு பூடும்." நாலாம் நாள் அது போய்விடும். ஜூன் மாதத்தில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்க, தெலுங்கு மேனேஜர் "செங்கல்ராயுடு ஏமன்னாடு?" என்று, நம்மவர் என்ன சொன்னார் எனக் கேட்டுக்கொண்டுதான் இயந்திரத்தை ஓட்டச் சொல்வார். ஆலைக்கே அவர்தான் காது. அந்தப் பழுத்த வாசனையும் மோட்டார் இரைச்சலும் அவருடைய மூடிய கண்களும் இப்போதும் எனக்கு நினைவில் இருக்கின்றன.

ஒரு வருடத்துக்கு முன் ஒரு நாள், வீட்டு ஸ்பீக்கரில் அந்த வளையல் சத்தம் நின்றுபோனது. "ட்வீட்டரு செத்துப்போச்சி" என்றார். மெல்லிய, உயர்ந்த ஓசைகளைத் தருகிற சின்ன வட்டத்துக்கு அந்தப் பெயர். சித்தூரில் மெக்கானிக் வெங்கடசாமி பெட்டியைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். "உனுக்குத்தான்யா காது கேக்கல" என்று திட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் செங்கல்வராயன்.

அன்றிலிருந்து தொடங்கியது இந்தத் திருப்பதி பஸ் யாத்திரை. மாதம் ஒரு ஞாயிறு. போன மாதம் வரை பதினோரு ஜோடி ஸ்பீக்கர்களை வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார். "ஜலதோசம் புடிச்ச மாதிரி பாடுது" என்பார் ஒன்றை. "ஒடம்பு கீது, உசுரு இல்ல" என்பார் இன்னொன்றை. கடைசித் தீர்ப்பு மட்டும் மாறாது: "வளையலு இல்லியே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஜோடியிலும் வளையல் கேட்டது. எனக்குக் கேட்டது, கோகுலகிருஷ்ணனுக்கும் கேட்டது. முதல் தடவையே அவர் வாயைத் திறக்கப் போனார்; நான் அவர் காலை மிதித்தேன். ஆலையின் காதாக இருந்தவரிடம் போய், கோளாறு உங்கள் காதில்தான் என்று எப்படிச் சொல்வது? கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிறு தாட்சாயணியும் வந்திருந்தார். "பொட்டிய பாக்கறதுக்கு நான் எதுக்கு பஸ்சு ஏறணும்?" என்று இத்தனை நாள் மறுத்தவர், உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்த கையோடு கடைக்கும் வந்தார். பன்னிரண்டாவது ஜோடி, இடுப்புயர டவர் ஸ்பீக்கர். நாற்காலி நகர்ந்தது, ஏசி நின்றது, பாட்டு தொடங்கியது.

"இன்னா கீச்சுக் குரலு!" என்று தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்றாவது அடியில் வளையல் இரண்டு முறை கிணுங்கியது. அவர் வெட்கத்தோடு கணவர் பக்கம் திரும்பினார். செங்கல்வராயன் கண்ணை மூடியபடி, இன்னும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்தார். பாட்டு முடிந்தது.

"இதுலயும் இல்ல, கோகுலு."

தாட்சாயணியின் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிய அது போதுமானதாக இருந்தது.

"இன்னொரு தபா போடுப்பா" என்றார் தாட்சாயணி.

மூன்றாவது அடி வந்தபோது கணவரின் காதருகே கையைக் கொண்டுபோய், சட்டென்று பின்னால் இழுத்து முந்தானையைச் சரிசெய்தார். கண்ணாடி வளையல்கள் இரண்டு முறை ஒலித்தன.

செங்கல்வராயன் கண்ணைத் திறந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பத்து, இத்தினி நாளும் எல்லாத்துலயும் கேட்டுதா?"

"கேட்டுது."

செங்கல்வராயன் தன் காதை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, "வெங்கடசாமிய திட்டிட்டனே. நாளைக்கி போயி பாக்கணும்" என்றார். கோகுலகிருஷ்ணனிடம், "பழைய பொட்டியே போதும்ப்பா. அது நல்லாத்தான் கீது."

"காதுக்கு மிசினு வாங்கலாங்க" என்றார் தாட்சாயணி.

"வாங்கலாம். மொதல்ல இன்னொரு தபா போடச் சொல்லு."

பாட்டு மறுபடி தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது அடி முடியும்போது மனைவி பக்கமாகக் கையை நீட்டினார். தாட்சாயணி தன் கையை அதில் வைத்தார். மூன்றாவது அடியில், சரியாக அந்த இடத்தில், அந்த மணிக்கட்டைத் தன் காதோரம் கொண்டுபோய் அவரே இரண்டு முறை குலுக்கினார்.