எருமை முட்டைக்கு ஊசி போட்ட சிவகௌரி அக்கா

சிவகௌரி அக்கா போய்விட்டார். இன்று விடிய, கிளிவெட்டியில் அவர் வீட்டில். நெஞ்சுவலியாம்...

நம்ப ஏலாமல் இருக்கிறது என்று எழுத மாட்டேன். நம்பிவிட்டேன். கோபம்தான் வருகிறது.

திருகோணமலையில் எங்கள் கால்நடை லேப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஒரேயொரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து எருமையின் கருமுட்டைக்குள் விடுவது எங்கள் வேலை.

முட்டை எடுக்க, மூதூரில் மாடறுக்கும் இடத்துக்கு அக்காவே போய், எருமைச் சூலகங்களைச் சூடு ஆறாமல் பிளாஸ்கில் கொண்டுவருவார். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மா, "தேத்தண்ணியோ பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லையம்மா, எருமையின்ர சூலகம்."

இறங்கும்வரை முழு சீட்டும் அக்காவுக்குத்தான்.

ஊரில் சும்மா விடுவார்களா? "தனக்கொரு கலியாணம் இல்லை, எருமைக்குப் பிள்ளை குடுக்கப் போறாவாம்" என்று கதைத்தார்கள். அக்கா முகத்துக்கு நேரே சொன்னார்: "ஓம், குடுக்கிறன். உங்கட எருமைக்கும் வேணுமெண்டால் கொண்டு வாங்கோ!"

எங்களுக்குப் பெரிய தலையிடி ஊசிதான். எருமை முட்டையின் தோல் இழுபடும், அழுத்திக் குத்தினால் வெடிக்கும். மெல்லத் தட்டித் துளைக்கும் மெஷின் ஒன்று மேலிடத்தில் கேட்டோம். இல்லை என்றார்கள்.

அக்கா ஒரு பழைய அலாரம் மணிக்கூட்டைக் கழற்றி, சத்தம் போடும் தகட்டை எடுத்து ஊசியின் பிடியில் ஒட்டினார். கரண்ட் கொடுத்ததும் தகடு அதிர அதிர, ஊசி தட்டித் தட்டி உள்ளே போனது. முட்டை வெடிக்கவில்லை!

பார்க்க வந்த பெரிய அதிகாரிகள் விளையாட்டுச் சாமான் என்று சிரித்தார்கள். "சிரிச்சு முடிச்சிட்டு மைக்கிராஸ்கோப்பில பாருங்கோ" என்றார் அக்கா. பார்க்காமலே போனார்கள்.

இன்று காலை எங்கள் மேலதிகாரி போன் எடுத்தார். "லேப்பைப் பூட்டிப்போட்டு செத்தவீட்டுக்கு வாங்கோ. திறப்பை என்னட்டத் தாங்கோ. அந்த ஊசி வேலை அவவோட முடிஞ்சுது."

"ஏலாது சேர்" என்றேன்.

நேற்று அக்கா எடுத்துவைத்த முட்டைகள் இன்கியூபேட்டரில் இருந்தன. இன்று ஊசி போடாவிட்டால் எல்லாம் பழுது.

போட்டேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் போட்டேன். சில வெடித்தன... மிச்சம் நிற்கின்றன.

இப்போதுதான் கிளிவெட்டி பஸ் ஏறினேன்.

போய் வாருங்கள் அக்கா. லேப் திறப்பு என்னிடம் இருக்கிறது. கொடுக்க மாட்டேன்.