இருக்கை இருந்தால் வாகனம்

சுங்கச் சட்டம், பதினேழாம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு. இறக்குமதி செய்தவர் தன் சரக்கு இன்ன வகை என்று அறிவிக்கிறார். அதிகாரிக்கு அது சரியில்லை என்று படுகிறது; வேறு வகையில் போடுகிறார். போடலாம், தடையில்லை. ஆனால் இறக்குமதியாளர் அதை எழுத்தில் ஏற்றுக்கொள்ளாவிட்டால், ஏன் மாற்றினேன் என்று காரணம் சொல்லும் உத்தரவை, மாற்றிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் தர வேண்டும். 'வேண்டும்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'நேரம் கிடைத்தால்' என்று சொல்லவில்லை. பணிக்காலம் முழுக்க ஒரு துறைமுகத்தில் சரக்குகளை வகைப்படுத்தியே ஓய்வு பெற்றவன் நான். இந்த வரி எனக்குத் தூக்கத்திலும் வரும்.

பாய் நாற்றங்காலுக்கும் பதினைந்து நாள்தான் கெடு. ட்ரேயில் மண்ணைப் பரப்பி விதைநெல்லை நெருக்கித் தெளித்தால், பாய் மாதிரி சுருட்டி எடுக்கும்படி நாற்று வரும். இயந்திர நடவுக்கென்றே வளர்ப்பது. பதினைந்தாம் நாள் வயலுக்குப் போய்விட வேண்டும். பதினெட்டு வரை பொறுக்கும். அதற்கு மேல் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தாள் மஞ்சளடிக்கும், நட்டாலும் தூர் கட்டாது. நாற்று சட்டம் படித்ததில்லை. ஆனாலும் கெடு தவறியதில்லை.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எனக்குள்ள, ஒரு ஏக்கர் அளவு வரும் மூன்று மா நிலத்தையும், அதையொட்டிய பங்காளிகளின் நிலத்தையும் ஒரு அம்மா குத்தகைக்குச் செய்கிறார். அவர் கணவர் கொரியாவில் வேலை பார்க்கிறார். அங்கே விலைக்கு வந்த பழைய நடவு இயந்திரம் ஒன்றை வாங்கி, மனைவி பேருக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார். அந்த அம்மாவும் சும்மா இருக்கவில்லை. இந்தக் குறுவைக்கு ஆறு குடும்பங்களுக்கு நட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, வழக்கமாக வரும் நடவு ஆட்களிடம் இந்த வருஷம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எல்லாம் செய்துவிட்டு, ஆனி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்தார்.

"சார், கப்பல் நாளைக்கு வருதாம். நாத்து விட்டுரலாமா, இல்ல மெஷின் வீட்டு வாசலுக்கு வந்தப்புறம் விடட்டுமா?"

"தாராளமா விடுங்கம்மா. நாலே நாள்ல வெளிய வந்துரும். எண்பத்துநாலாவது அத்தியாயம், முப்பத்திரண்டாவது தலைப்பு. அதுல நாத்து நடுற மெஷின்னு பேரே போட்டு எழுதியிருக்கு. சண்டை போட ஒண்ணுமே இல்ல."

"நம்பரெல்லாம் எனக்கு எதுக்கு சார்? விடலாமா, வேணாமா?"

"விடுங்க."

இதை எழுதும்போது மாற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அந்த 'விடுங்க' என்னுடையது.

நாற்று விட்ட ஒன்பதாம் நாள், துறைமுகத்தில் சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். அன்று காலை இயந்திரத்தை வாகனம் என்று வகை மாற்றிவிட்டார்களாம். நான்கு சக்கரம், எஞ்சின், ஸ்டீயரிங், ஒரு ஆள் உட்கார இருக்கை, ஆகவே வாகனம். அதுவும் பழைய வாகனம். உரிமம் இல்லாமல் பழைய வாகனம் இறக்குமதி செய்யக் கூடாது. ஆகவே சரக்கு துறைமுக யார்டிலேயே நிற்கும்.

வகைப்பாட்டின் முதல் விதியே, தலைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முதலில் படி என்பதுதான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற தலைப்பு ஒன்று இருக்கும்போது, சக்கரத்தை எண்ணிக்கொண்டு பக்கத்து அத்தியாயத்துக்குப் போகச் சொல்லி எந்த விதியும் இல்லை. அந்த இயந்திரத்தின் பின்னால் ஆறு வரிசை நடவு விரல்கள் தொங்குகின்றன. அதில் ஏறிக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள்.

அன்றே எழுத்தில் மறுத்தோம். தீர்ப்பு வரும்வரை பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு தற்காலிகமாக விடுவியுங்கள், அதற்குப் பதினெட்டாம் பிரிவு இருக்கிறது என்றும் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அந்தச் சொற்றொடரை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! அதன் அர்த்தம், கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பதுதான்.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நடவு ஆட்களைக் கூட்டிவரும் பெண் வாய்க்கால் கரையில் அந்த அம்மாவை நிறுத்தி, "என்னக்கா, மெஷின் வருது மெஷின் வருதுன்னீங்க, நீந்தியா வருது?" என்று கேட்டாளாம். இவர் சிரித்துச் சமாளித்ததாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

பதினான்காம் நாள் தஞ்சாவூரில் என் பழைய துறைமுகத்துக்கு ரயில் ஏறினேன். நான் உட்கார்ந்த அறை, நான் உட்கார்ந்த மேசை. நாற்காலி மட்டும் புதிது. அதில் இருந்த இளம் அதிகாரி எழுந்து நின்றார்.

"சார், வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். உத்தரவு சொல்லுங்க. எதவச்சு இத வண்டின்னு போட்டீங்க?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பழைய உத்தரவு ஒன்றின் நகல். ஒரு விளையாட்டு மைதானத்துக்கு வந்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம். 'இருக்கை உண்டு, எஞ்சின் உண்டு, திசை திருப்பும் சக்கரம் உண்டு, ஆகவே வாகனமே.' கீழே என் கையெழுத்து.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் சார். உங்க ஆர்டரத்தான் ஃபாலோ பண்றோம். புதுசா வர்றவங்களுக்கு ட்ரெயினிங்லயே இதத்தான் காட்டுறாங்க."

எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. மார்ச் மாதம். வருடக் கடைசி வசூல் குறைவு என்று மேலிருந்து நெருக்கினார்கள். வாகனம் என்று போட்டால் வரி கூடுதல். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பேர் சொல்லும் தலைப்பு இருந்தது; அது எனக்குத் தெரியாமல் இல்லை. இறக்குமதி செய்தவர்கள் போட்டி நெருங்குகிறதென்று பேசாமல் கட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. மேல்முறையீட்டுக்குப் போகாத தவறுக்கு எங்கள் துறையில் முன்னுதாரணம் என்று பெயர்.

"இது தப்பு," என்றேன்.

"எது சார்?"

"நான் எழுதுனது. தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்."

"அதெப்படி சார் தப்பாகும்? யாருமே அப்பீல் போகலயே!"

கேலி இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவரைத் திட்டத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். திட்டவில்லை. அவர் மேசையிலேயே காகிதம் வாங்கி, எந்த உத்தரவு, எந்த விதிக்கு விரோதம், ஏன் அப்படி எழுதினேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இத நான் முடிவு பண்ண முடியாது சார், மேல அனுப்பணும்," என்றார். உத்தரவு போட அவருக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சட்டப்படி அது சரி.

பதினாறாம் நாள் காலை நாற்றங்காலுக்குப் போனேன். அந்த அம்மா ட்ரேக்களுக்கு நடுவே குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"அப்ப என் மெஷின நிறுத்துனது நீங்கதானா சார்?"

"ஆமா."

"நாத்து விடச் சொன்னதும் நீங்கதான்."

"ஆமாம்மா."

"நல்லா இருக்கு சார். ஒரு கையால விடச் சொல்லிட்டு, இன்னொரு கையால பிடிச்சு வச்சிருக்கீங்க." மறுபடி குனிந்து தெளிக்க ஆரம்பித்தார். "போங்க சார், போயி வேற எதுக்காச்சும் லெட்டர் எழுதுங்க."

அதிகாரியின் பதினைந்து நாள் கெடு முடிந்தபோது நாற்றுக்கு வயது இருபத்து நான்கு. உத்தரவு வரவில்லை. இருபத்தாறாம் நாள் அந்த அம்மா நடவுப் பெண்ணின் வீட்டுக்கே போய்க் கேட்டார். அவர்கள் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வந்து, என் மூன்று மாவை மட்டும் கையால் நட்டார்கள். பின்னிக் கிடந்த வேரைப் பிய்த்துப் பிய்த்து நட்ட நாற்று. மற்ற ட்ரேக்கள் மாட்டுக்குப் போயின. ஆறு குடும்பங்களில் இரண்டு அந்தக் குறுவையைத் தரிசாகப் போட்டன. மற்றவர்கள் வேறு இயந்திரத்துக்காரரைப் பிடித்தார்கள். சம்பாவுக்கும் அவரிடமே போனார்கள். அந்த அம்மாவிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. வாக்கைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

நான் லெட்டர் எழுதினேன். வேறு என்ன தெரியும் எனக்கு? அலுவலகத்துக்கு, அதற்கு மேலே, அதற்கும் மேலே. ஒவ்வொன்றிலும் என் பழைய உத்தரவின் எண்ணை நானே முதல் வரியில் போட்டேன். ஆடி போனது, புரட்டாசி போனது. சம்பா நடவு ஊரெங்கும் நடந்து முடிந்தது.

கடைசியில் பதிவுத் தபால் வந்தது. இரண்டு பக்கம். முந்தைய உத்தரவு பிழை என்று அதை இட்டவரே ஒப்புக்கொண்டதால் அது இனிப் பின்பற்றத்தக்கதல்ல, சரக்கு நாற்று நடும் இயந்திரமே, விடுவிக்கலாம். எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். என்னைப் படிக்கச் சொல்லி, கேட்டார்.

"நாத்து நடுற மெஷின்னு எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் சார். தேதி என்ன போட்டிருக்கு?"

கார்த்திகை நான்கு.