அண்ணன் குரல் இருந்த சிடி

அண்ணன் அரியலூரில் டிடிபி கடை வைத்திருந்தான். செந்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் பைக் விபத்தில் போய்விட்டான். கடையைக் காலி செய்து, அவனுடைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதில் அவன் குரல் இருந்தது. மைக் வாங்கிய புதிதில், கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவிடம் வம்பிழுத்துப் பதிவு செய்தது. “ஏதாவது பேசும்மா” என்பான். “வுடுடா, பஸ்ஸு போயிடும்” என்பாள் அம்மா. அவன் சிரிப்பான். அவ்வளவுதான். அம்மா அதைத் தினமும் கேட்டாள். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் தகராறு செய்யத் தொடங்கியது. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வந்து பார்த்தார். “வைரஸுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசா போடணும். வேணுங்கறத சிடில ஏத்தித் தரேன்” என்றார். ஏற்றியதும் போட்டுக் காட்டினார். அண்ணன் சிரித்தான். சிடியின் மேல் மார்க்கரால் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். எதற்கும் இன்னொன்று போட்டு வைக்கலாமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு அம்மா அதைப் போட விடவில்லை. “கேசட்டு மாதிரி தேஞ்சுடும் பாப்பா. தெவசத்தன்னிக்குக் கேட்டுக்கலாம்” என்று அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தெவசத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போனதும் சிடியைப் போட்டேன். உள்ளே சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்துத் திருப்பினேன். பளபளக்கும் பக்கம் முழுக்கக் கீறல். நடுவில் சந்தனம் வைத்த தடம்.

“அமாவாசைக்கு அமாவாசை போட்டோவத் தொடைக்கறப்ப அதையும் தொடைச்சுப் பொட்டு வச்சேன்” என்றாள் அம்மா. “வெளக்குக் கண்ணாடிக்குப் போடற மாதிரி துண்ணூறு போட்டுத்தான் தொடைச்சேன். பேரு எழுதுன பக்கம் அழிஞ்சுடும்னு அதத் தொடவே இல்ல பாப்பா.”

சிநேகிதரும் இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

அடுத்த அமாவாசைக்கு அம்மா போட்டோவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“இதத் தொடைக்கலாமா பாப்பா? இதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

ஆகாது என்றேன். அப்படியும் அவள் துணி வைக்கவில்லை. வாயால் தூசியை ஊதிவிட்டு, பொட்டு வைக்காமலே மாட்டிவிட்டாள்.